பாட்டிலில் நாறும் தண்ணீர் கடலில் நாறாதது ஏன்?

கடல்நீரில் கிருமிகள் பெருகுவதும் அடங்குவதும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடல் நுண்ணுயிர் ஆய்வகத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஓய்வுக்குப் பிறகும் மனசு அங்கேதான் இருக்கிறது.

ராமேஸ்வரம் போனபோது அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, அந்தக் கடல்நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து பூஜை அறையில் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் கலங்கிவிட்டது. திறந்தால் முட்டை அழுகிய வாடை. கடலில் நாறாத தண்ணீர் வீட்டில் ஏன் நாறுகிறது? பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லையோ?
– வாசகி, திருச்சி

பாட்டில் மேல் பழி வேண்டாம் அம்மா. கொதிநீரில் கழுவிய பாட்டிலில் பிடித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். ஒரு டீஸ்பூன் அள்ளினால் 25 லட்சத்துக்குக் குறையாது. அத்தனை இருந்தும் கடல் நாறாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவை அரைப்பட்டினியில் கிடப்பதுதான். கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கார்பன் அளவு. அதிலும் பெரும்பகுதி, பாக்டீரியாவால் எளிதில் செரிக்க முடியாத பழைய சரக்கு. பாசி கசியவிடும் கொஞ்சம் சர்க்கரை, செத்த உயிரிகளிலிருந்து வரும் கொஞ்சம் புரதம், இவற்றை வைத்துத்தான் பிழைப்பு. தப்பித்தவறி நன்றாகப் பெருகினாலும், சாட்டை போன்ற இழையைச் சுழற்றி நீந்தும் ஒருசெல் உயிரிகள் வந்து மேய்ந்துவிடும். மேயாமல் விட்டதை வைரஸ் உடைக்கும். கடல்நீரில் வைரஸ்கள் பாக்டீரியாக்களைப்போல் சுமார் பத்து மடங்கு.

பாட்டிலில் அடைத்ததும் இந்த ஏற்பாடு குலைகிறது. 1936-ல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிளாட் சோபெல், ஆண்டர்சன் இருவரும் ஒரே கடல்நீரைச் சிறியதும் பெரியதுமான பாட்டில்களில் வைத்துப் பார்த்தார்கள். பாட்டில் சிறியதாக இருந்தால் ஒரு மில்லிலிட்டருக்குப் பெருகிய பாக்டீரியா அதிகம். காரணம் பாட்டிலின் உட்சுவர். நீரில் மிக மெலிதாகப் பரவியிருக்கும் உணவு சுவரில் படிந்து அடர்த்தியாகிறது. பாக்டீரியாவும் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. சின்னப் பாட்டிலில் தண்ணீரின் அளவை வைத்துப் பார்த்தால் சுவர் அதிகம். நான் இருந்த ஆய்வகத்தில், கடல்நீர் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்து 6 மணி நேரத்துக்குள் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றிவிட வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. அப்படியே வெளியே வைத்து மறுநாள் எண்ணினால் கிடைப்பது கடலின் கணக்கு அல்ல, பாட்டிலின் கணக்கு.

போதாததற்கு, நீங்கள் பிடித்தது ஆயிரக்கணக்கானவர்கள் முங்கி எழும் இடம். எண்ணெய்ப் பிசுக்கு, பூ, மணலோடு கலங்கிய பாசி எல்லாம் அந்தத் தண்ணீரில் இருக்கும். மூடிய பாட்டிலில், வெளிச்சம் குறைந்த அறையில் பாசி செத்தது. பாக்டீரியாவுக்கு விருந்து கிடைத்தது. விருந்தைச் செரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய பாட்டிலில் அது தீர்ந்துபோனது. அதன் பிறகு வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்கியது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாதபோது அதைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் உங்களுக்கு வந்த முட்டை வாடை. கடலில் அலையும் காற்றும் ஓயாமல் ஆக்ஸிஜனைக் கலந்துகொண்டே இருப்பதால் அந்தக் கட்டம் வருவதில்லை. கழிமுகச் சேற்றைக் காலால் கிளறினால் அங்கேயும் இதே வாடை வரும்.

அடுத்த முறை கொண்டு வந்தால், மெல்லிய துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்து, சூட்டோடு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடிவிடுங்கள். கெடாமல் இருக்கும்.

கடல்நீரில் உப்பு இருப்பதால் கிருமி தங்காது, காலில் புண் இருந்தால் கடலில் நனைத்தால் ஆறிவிடும் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?
– வாசகர், காரைக்கால்

பாதி உண்மை. அந்த மறுபாதி ஆபத்தானது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நம் குடலிலிருந்து சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களுக்குக் கடல் பிடிக்காது. ஆனால் உப்பு மட்டும் தனியாக அவற்றைச் சீக்கிரம் கொல்வதில்லை. இருட்டில் வைத்த கடல்நீரில் அவை நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். தெளிந்த நீரில் உச்சி வெயில் நேராக இறங்கினால் சில மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். வெயிலின் புற ஊதாக் கதிர் அவற்றின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. உப்பு அந்தச் சேதத்தை இன்னும் கூட்டுகிறது. ஆக முக்கியமான வேலையைச் செய்வது வெயில், உப்பு அதற்குக் கூட்டாளி. தண்ணீர் கலங்கியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது, கொல்லவும் செய்யாது.

கடலிலேயே பிறந்து வளரும் பாக்டீரியாக்கள் கதை வேறு. உப்பு இல்லாவிட்டால்தான் அவை சாகும். விப்ரியோ குடும்பத்தில் வல்னிஃபிகஸ் என்று ஒரு இனம் இருக்கிறது. 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாகவும், ஆற்று நீர் கலந்து உப்பு சற்றுக் குறைந்தும் இருக்கும் முகத்துவார நீர் அதற்கு மிகவும் பிடித்த இடம். திறந்த புண் வழியாக உள்ளே போனால் சதையை அரிக்கும். கல்லீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவர்களுக்கு உயிர் ஆபத்து. அதனால் காலில் புண் இருக்கும்போது கடலில் இறங்காதீர்கள். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சிவப்பு பரவுவது, கொப்புளம், காய்ச்சல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கடல்நீர் பட்டது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மருந்துத் தேர்வு அதைப் பொறுத்தது.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். 'கடலோர நீரில் பாக்டீரியா வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது எது' என்பது என் ப்ராஜெக்ட். நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக்கூழ்) வளர்த்து எண்ணினால் மில்லிக்குச் சில நூறுதான் வருகிறது. புத்தகத்தில் 10 லட்சம் என்று இருக்கிறது. எங்கே தவறு?
– மாணவர், தூத்துக்குடி

தவறு உன்னுடையது இல்லை தம்பி. தட்டில் வளர்வது, கடலில் இருப்பதில் நூற்றில் ஒன்று கூடக் கிடையாது. முதலில், நியூட்ரியன்ட் அகாரைக் கடல்நீரில் கரைத்துச் செய்தாயா, காய்ச்சி வடித்த நீரிலா? நல்ல தண்ணீரில் செய்திருந்தால் கடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும். கடல் பாக்டீரியாவுக்கென்றே செய்யும் சோபெல் அகார் கிடைத்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் அதுவும் 10 லட்சத்தைத் தொடாது. அதில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன் (பாதி செரித்த புரதம்), 1 கிராம் ஈஸ்ட் சாறு. கடலில் இருக்கும் உணவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். பட்டினிக்குப் பழகிய உயிருக்கு அவ்வளவு உணவு ஒத்துக்கொள்வதில்லை.

1977-ல் ஹாபி என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 0.2 மைக்ரான் துளை உள்ள வடிதாளில் பாக்டீரியாவைப் பிடித்து, அக்ரிடின் ஆரஞ்சு சாயமேற்றி, ஒளிர் நுண்ணோக்கியில் நேராக எண்ணும் முறையைச் செம்மையாக்கினார்கள். நீ புத்தகத்தில் பார்த்தது இப்படி நேராக எண்ணிய கணக்கு. 1990-ல் சர்காசோ கடல்நீரிலிருந்து எடுத்த மரபுப்பொருளைப் படித்த ஜியோவனோனி குழுவினர், அதுவரை யாரும் வளர்த்தே பார்க்காத ஒரு கூட்டம் அங்கே நிறைந்திருப்பதைக் கண்டார்கள். எஸ்ஏஆர் 11 என்று பெயர். அதை ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆனது. வளர்ந்தது செறிவான அகாரில் அல்ல, வெறும் கடல்நீரில்.

இனி உன் தலைப்பு. 'கட்டுப்படுத்துவது எது' என்று கேட்டால் எல்லாக் கடலுக்கும் ஒரே விடை கிடையாது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஷியா, டக்லோ இருவரும் 1994-ல் காட்டியது: நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் மாதங்களில் குளிர்தான் கடிவாளம், கோடையில் குளிர் விலகியதும் உணவு கடிவாளமாகிவிடுகிறது. மத்தியதரைக் கடலின் வடமேற்கில் பாஸ்பரஸ் பற்றாக்குறை. நம் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் வருஷம் முழுக்க 25 டிகிரிக்குக் குறைவதே அரிது. ஆகவே குளிரை விலக்கிவிட்டு உணவையும் மேய்ச்சலையும் நீ தேடலாம். 1983-ல் ஃபரூக் ஆசமும் சகாக்களும் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படி. பாசி கசியவிடுவதைப் பாக்டீரியா தின்பதும், பாக்டீரியாவைச் சாட்டையிழை உயிரிகள் தின்பதும் ஒரு சுற்றாக நடப்பதை அதில் விளக்கியிருக்கிறார்கள்.

ஒளிர் நுண்ணோக்கி இல்லாவிட்டாலும் உன் கல்லூரியிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். நீரின் ஆக்ஸிஜன் செலவை அளக்கும் 300 மில்லி பிஓடி பாட்டில்கள் இருக்கும், விங்க்ளர் முறையில் ஆக்ஸிஜன் பார்க்கத் தெரிந்திருக்கும். அது போதும். கடல்நீரை மிதவை உயிரி வலைத்துணியில் வடிகட்டி, நன்றாகக் குலுக்கிக் காற்றேற்று. பாட்டில்களை ஐந்து வகையாகப் பிரி: ஒன்றுமே சேர்க்காதது; குளுக்கோஸ் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்); அம்மோனியம் குளோரைடு (நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்); பாஸ்பேட் (பாஸ்பரஸ் கணக்கில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம்); மூன்றும் சேர்ந்தது. வகைக்கு மூன்று பாட்டில். கறுப்புத் தாள் சுற்றி, ஒரே வெப்பத்தில் 48 மணி நேரம் வை. முதலிலும் முடிவிலும் ஆக்ஸிஜனை அளந்து பார். 28 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6, ஆறரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கொள்ளும். எந்த வகையில் அது அதிகம் இறங்குகிறதோ, அந்தப் பொருளுக்குத்தான் அந்த நீரில் பஞ்சம். குளுக்கோஸ் மட்டும் போட்டு அசையாமல், மூன்றும் போட்டபோது வேகமாக இறங்கினால் பஞ்சம் ஒன்றல்ல என்று எழுது. இதையே மே மாதத்தில் ஒரு தடவை, நவம்பர் மழையில் ஒரு தடவை செய். ஒரே கடற்கரையில் இரண்டு விடை வந்தால் பயப்படாதே, ப்ராஜெக்டின் உயிரே அதுதான்.

வேதாரண்யம் பக்கம் வெனாமி இறால் வளர்க்கிறேன். அம்மோனியா ஏறினால் குளத்தில் வெல்லப்பாகு ஊற்றச் சொல்கிறார்கள். இறாலுக்கும் வெல்லத்துக்கும் என்ன சம்பந்தம்? எவ்வளவு ஊற்றுவது?
– இறால் விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்

வெல்லம் இறாலுக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு. மேலே அந்தப் பையனுக்குச் சொன்ன பஞ்சக் கணக்குதான் உங்கள் குளத்திலும். இறால் தீவனம் புரதம் நிறைந்தது. அதில் உள்ள நைட்ரஜனில் கால்வாசி இறாலின் உடம்பில் சேர்ந்தால் அதிகம், மீதி தண்ணீருக்குத்தான் வருகிறது. அதனால் குளத்துப் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் தாராளம், கார்பன் தட்டுப்பாடு. சர்க்கரை கிடைத்ததும் அது உடம்பு வளர்க்கப் பார்க்கும். உடம்பு வளர்க்க நைட்ரஜன் வேண்டும், அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும்.

அளவுக்கு இஸ்ரேலைச் சேர்ந்த யோராம் அவ்னிமெலெக் 1999-ல் தந்த கணக்கை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பிடிக்க சுமார் 20 கிராம் சர்க்கரை. ஒரு ஏக்கர் குளம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு அரை மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைக் குறைக்க 2.4 கிலோ நைட்ரஜனைப் பிடிக்க வேண்டும், அதற்கு 48 கிலோ சர்க்கரை. நீங்கள் ஊற்றப்போவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு (மொலாசஸ்) என்றால், அதில் பாதிதான் சர்க்கரை என்பதால் கிட்டத்தட்ட 100 கிலோ.

இதை ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை கிடைத்த பாக்டீரியா ஆக்ஸிஜனை உறிஞ்சும். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு இறால் மேலே வந்து மிதக்கும். மூன்று நான்கு நாளாகப் பிரித்து, காலை வெயில் ஏறிய பிறகு, ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள். ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிளம்புமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குளத்து நீரில் உள்ள விப்ரியோவை லேபில் தட்டில் வளர்த்துப் பார்த்து, பச்சைக் காலனி (பாக்டீரியாக் கூட்டம்) குறைந்து மஞ்சள் கூடியது என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் மஞ்சளிலும் நோய் தரும் விப்ரியோ உண்டு. காலனியின் நிறத்தை மட்டும் நம்பாமல் இறாலின் குடலையும் ஈரலையும் பாருங்கள்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்த்தேன். அது பாக்டீரியாவா?
– வாசகர், சென்னை

இல்லை. அது நாக்டிலூகா என்ற மிதவை உயிரி. அலை உடையும்போது, கால் படும்போது மின்னும். பாக்டீரியாவின் ஒளி மின்னி மறையாது, ஒரே சீராக எரியும். அதுவும் தனியாக இருக்கும்போது எரியாது. 1970-ல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் கண்டது அது: பாக்டீரியாக்கள் ஒருவகை வேதிச்செய்தியை வெளியே விடுகின்றன, கூட்டம் அடர்ந்து செய்தி தேங்கினால்தான் விளக்கு எரிகிறது. சாதாரணக் கடல்நீரில் பட்டினியும் மேய்ச்சலும் அவ்வளவு அடர்த்திக்கு விடுவதில்லை. அபூர்வமாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லிமா என்ற கப்பல் கண்ட காட்சி ஒன்று இருக்கிறது. கடல் பால்போல் வெளுத்திருந்தது. பத்து வருஷம் கழித்துப் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டிப் பார்த்தபோது அந்த ஒளி 15,400 சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்று இரவுகள் தெரிந்தது.

ஐப்பசி மழை விட்டதும் பிள்ளைகளை மெரினாவில் தண்ணீரில் இறக்கலாமா?
– வாசகி, சென்னை

குறைந்தது மூன்று நாள் பொறுங்கள். மெரினாவின் வடக்கே கூவம், தெற்கே அடையாறு. பெருமழை பெய்தால் இரண்டும் ஊர்ச் சாக்கடையை மொத்தமாகக் கொண்டுவந்து தள்ளும். அந்த நேரத்தில் கிருமியை அடக்கும் எல்லாமே ஒன்றாகத் தளர்ந்துவிடுகிறது: உப்பு குறையும், வண்டல் கலங்கி வெயிலை மறைக்கும், உணவு ஏராளமாக வந்து சேரும். நம் நாட்டில் குளிக்கும் கடற்கரைக்கு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி நீரில் மலக்கோலிஃபார்ம் 100. மழை விட்ட மறுநாள் முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் அந்த வரம்பை எதிர்பார்க்க முடியாது. வெயில் அடித்து, நீர் தெளிந்த பிறகும் ஆற்று வாய்ப் பக்கம் வேண்டாம். அலையின் இழுப்பு வேறு இருக்கிறது, பிள்ளைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் படகு நிற்கும் இடத்திலேயே தண்ணீர் மொண்டு மீனைக் கழுவி விற்கிறோம். உப்புத் தண்ணீர்தானே, மீன் கெடாது என்றுதான் நினைத்தோம். இப்போது அதிகாரிகள் கூடாது என்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு நாங்கள் எங்கே போவது?
– மீன் விற்கும் பெண்கள் சார்பில், கடலூர்

உங்கள் கஷ்டம் தெரியும் அம்மா. துறைமுகத்தில் குழாய் போட்டுத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தண்ணீர் பற்றி அவர்கள் சொல்வது சரி. வெளிக்கடல் நீரும் படகடி நீரும் ஒன்றல்ல. படகு நிற்கும் குடாவில் அலை கிடையாது, ஓட்டம் கிடையாது. மீன் ரத்தம், குடல், ஐஸ் உருகிய தண்ணீர், டீசல் எல்லாம் அங்கேயே தேங்குகிறது. வெளிக்கடலில் பட்டினி கிடக்கும் பாக்டீரியாவுக்கு அங்கே தினமும் சோறு. அந்தத் தண்ணீரில் கழுவினால் மீனில் இருந்ததைவிட அதிகக் கிருமியை நாமே ஏற்றுகிறோம். குழாய் வரும்வரை, கரைக்கு வரும் படகுக்காரர்களிடம் வெளிக்கடலிலேயே இரண்டு கேன் பிடித்து வரச் சொல்லுங்கள்.

கழுவுவதைவிடப் பெரிய விஷயம் ஐஸ். நம் கடல் மீனின் மேல் இருக்கும் பாக்டீரியாக்கள் 28, 30 டிகிரிக்குப் பழகியவை. ஜீரோ டிகிரிக்குக் கொண்டுபோனால் அவற்றில் பெரும்பாலானவற்றால் பெருக முடிவதில்லை. குளிர்நாட்டுக் கடல் மீனின் பாக்டீரியாக்கள் குளிருக்குப் பழகியவை, ஐஸிலும் மெல்ல வேலை செய்யும். அதனால்தான் நம் மீன் ஐஸில் இரண்டு மூன்று வாரம் கூடத் தாங்குகிறது. வெளியே வைத்தால் அரை நாள்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இந்த மூன்றுக்கும் இன்னும் கவனம் வேண்டும். இவற்றின் சதையில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற பொருளைச் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், தலைவலி வரும். ஒருமுறை உண்டாகிவிட்டால் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. வாடை வருவதற்கு முன்பே உண்டாகியிருக்கலாம் என்பதால் மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்த மூன்றையும் படகிலிருந்து இறக்கும்போதே ஐஸ் போட்டு வாங்குங்கள். கூடையில் அடியில் ஒரு அடுக்கு, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. மீனுக்குச் சரிபாதி எடை ஐஸ் என்பது குறைந்தபட்சம், வெயில் காலத்தில் ஒன்றுக்கு ஒன்று. உருகிய தண்ணீர் வடிய கூடையின் அடியில் ஓட்டை இருக்கட்டும், அந்தத் தண்ணீரில் மீன் ஊறக் கூடாது.